போட்ட செல் எவ்வளவு, தங்கிய செல் எவ்வளவு?

முட்டித் தேய்மானத்துக்கு உங்கள் செல்லையே எடுத்து, வளர்த்து, ஸ்கஃபோல்டில் ஏற்றிப் பொருத்துகிறோம் என்று வரும் வீடியோக்களைத் தெரிந்தவர்கள் எனக்கு ஃபார்வர்ட் செய்துகொண்டே இருக்கிறார்கள். திசுப் பொறியியல் லேபில் நான் செய்கிற வேலை கிட்டத்தட்ட அதுதான் என்பதால், "இதெல்லாம் நிஜமா?" என்ற கேள்வியும் கூடவே வரும். நிஜமும் உண்டு, புருடாவும் உண்டு. அந்த வீடியோக்களில் 1 கோடி செல், 5 கோடி செல் என்று ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது ஊற்றிய கணக்கு. அதில் எத்தனை உள்ளே ஒட்டியது, ஒட்டியதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருப்பது இன்னும் அதே வகைச் செல்தானா, இதைப் பற்றியெல்லாம் மூச்சே விடமாட்டார்கள்.

ஸ்கஃபோல்ட் என்பது செல்கள் பிடித்துக்கொண்டு வளர்வதற்கான, துளைகள் நிறைந்த ஒரு தாங்கி. கொலாஜன் என்ற புரதத்தில் செய்யலாம், பாலிகேப்ரோலாக்டோன் மாதிரி உடலுக்குள் மெல்லச் சிதையும் பாலிமரிலும் செய்யலாம். அதற்குள் உயிருள்ள செல்லை இறக்குவதுதான் சீடிங். பைப்பெட்டில் எடுத்து மேலே சொட்டினால் முடிந்தது என்றுதான் புதிதாக வரும் மாணவர்கள் நினைக்கிறார்கள்.

சொட்டிப் பார்த்தால் தெரியும். பாலிகேப்ரோலாக்டோனுக்குத் தண்ணீரே ஆகாது. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி சொட்டு உருண்டு நிற்கும், செல் வளர்ப்புத் தட்டைக் கொஞ்சம் அசைத்தால் ஓரமாக வழிந்து, ஸ்கஃபோல்ட் இருக்கும் குழியின் அடிக்குப் போய்விடும். துளைகளுக்குள் காற்று வேறு மாட்டிக்கொண்டிருக்கும் என்பதால் மீடியத்தில், அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவத்தில், போட்டால் ஸ்கஃபோல்டே மிதக்கும். அதனால் முதலில் 70 சதவீத எத்தனாலில் நனைப்போம், அது துளைக்குள் இறங்கிக் காற்றை வெளியேற்றும். அப்புறம் அந்த எத்தனால் துளிகூட மிச்சமில்லாமல் உப்புக் கரைசலில் பலமுறை கழுவ வேண்டும், மிச்சம் இருந்தால் செல்லுக்கு அதுவே எமன். பிறகு சீரம் கலந்த மீடியத்தில் இரவு முழுக்க ஊறவைத்தால் அதிலுள்ள ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் மேற்பரப்பில் படியும். செல் உண்மையில் பிடித்துக்கொள்வது பிளாஸ்டிக்கை இல்லை, இந்தப் புரதப் படலத்தைத்தான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் செல். அதிகச் செறிவில், மிகக் குறைந்த அளவு திரவத்தில் எடுத்து மெல்ல இறக்கி, 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு உள்ள இன்குபேட்டரில் ஓரிரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு மீடியத்தை ஊற்றினால் ஒட்டாத செல்லெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், ரொம்ப நேரம் விட்டால் அந்தச் சின்னச் சொட்டு காய்ந்து செல் செத்துவிடும். மறுநாள் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம், ஆனால் பலரும் விட்டுவிடுகிற வேலையும் அதுதான்: ஸ்கஃபோல்டை எடுத்து வேறொரு குழிக்கு மாற்றிவிட்டு, காலியான பழைய குழியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அடியில் செல்கள் ஜம்மென்று பரவி வளர்ந்துகொண்டிருக்கும். அவை ஸ்கஃபோல்டில் இருப்பதாகக் கணக்கில் எழுதப்பட்டவை. அதைப் பிரித்து எண்ணிக் கழித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும், சில சமயம் அந்த எண்ணைப் பார்த்தால் அழுகை வரும். குழியில் செல் ஒட்டாதபடி பூச்சு போட்ட தட்டுகள் கிடைக்கின்றன, விலைதான் கொஞ்சம் அதிகம்.

சரி, உள்ளே தங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பிரச்சினை ஆக்ஸிஜன். நம் உடலில் பெரும்பாலான செல்கள் ஏதாவதொரு ரத்த நுண்குழாயிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன, அதைத் தாண்டினால் ஆக்ஸிஜன் போதிய அளவு போய்ச் சேராது. தட்டில் இருக்கும் ஸ்கஃபோல்டில் ரத்தக் குழாயே கிடையாது. அதனால் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒன்றில் செல்கள் மேற்பரப்பில் கும்பலாகப் படர்ந்து, இருக்கிற ஆக்ஸிஜனை அவையே குடித்துவிட்டு, நடுவில் இருப்பவற்றைப் பட்டினி போட்டுவிடும். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் தெரியும் சாயம் போட்டு மேலே இருந்து படம் எடுத்தால் ஒரே பச்சை, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதே துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் சிவப்பு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லாத கறுப்பு. உள்ளடுக்குகளையும் படம் எடுக்கும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பும் ஓர் ஆழத்துக்கு மேல் காட்டாது. யாராவது செல் நிறைந்த ஸ்கஃபோல்ட் படம் காட்டினால் குறுக்குவெட்டு எங்கே என்று கேளுங்கள். நான் கருத்தரங்குகளில் கேட்டு நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

சுழலும் குடுவையில் வைத்தோ, செல் கலந்த திரவத்தை ஸ்கஃபோல்டின் ஊடாகவே முன்னும் பின்னும் தள்ளியோ இறக்கினால் செல் சீராகப் பரவும். ஓட்டம் வேகமானால் ஒட்டிய செல்லையும் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பது வேறு விஷயம்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் செல் மாறியிருக்கலாம். குருத்தெலும்புச் செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் திரும்பத் திரும்பப் பெருக்கினால் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகி, குருத்தெலும்புக்கு உரிய இரண்டாம் வகைக் கொலாஜனைக் குறைத்துவிட்டு முதல் வகையைச் செய்ய ஆரம்பிக்கும். கோடிக்கணக்கில் இருக்கும், குருத்தெலும்பு மட்டும் செய்யாது. இதோடு மைக்கோபிளாஸ்மா தொல்லை: செல்சுவரே இல்லாத பாக்டீரியா என்பதால் பென்சிலினுக்கு மசியாது, மீடியமும் கலங்காது, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் மாதிரியான தனிச் சோதனை செய்யாமல் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாக்ஹோம் சாட்சி. 2011 ஜூனில் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், பிளாஸ்டிக்கில் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஒன்றரை நாள் பயோரியாக்டர் என்ற செல் வளர்ப்புக் கருவியில் ஏற்றிப் பொருத்தினார். உலகமே கைதட்டியது. ஒன்றரை நாளில், ரத்த ஓட்டமில்லாத பிளாஸ்டிக் குழாயில், மஜ்ஜைச் செல் எப்படி மூச்சுக்குழாயின் உள்படலமாக மாறும்? இதை ஒரு முதுநிலை மாணவரே கேட்டிருக்கலாம். அந்த நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். அங்கே பிளாஸ்டிக் குழாய் வைக்கப்பட்ட மூன்று பேருமே இன்று உயிரோடு இல்லை. இந்த அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையை வெளியிட்டிருந்த லான்செட் மருத்துவ இதழ் 2018-இல் அதைத் திரும்பப் பெற்றது, 2023-இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அதற்காக இந்தத் துறையே மோசடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மெல்லியதாக இருக்கும் இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்லிகிராஃப், மாட்டுக் கொலாஜனில் மனிதத் தோல் செல்களை ஏற்றிச் செய்தது, ஆறாத கால் புண்களுக்குப் போடுகிறார்கள். அந்தச் செல்கள் நிரந்தரமாகத் தங்குவதில்லை, சில வாரங்களில் போய்விடும், அதற்குள் புண்ணை ஆறத் தூண்டிவிட்டுப் போகின்றன. குருத்தெலும்புக்கு இயல்பிலேயே ரத்தக் குழாய் கிடையாது என்பதால் அங்கேயும் வழி இருக்கிறது: 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மேசி, பன்றிக் கொலாஜன் படலத்தில் நோயாளியின் குருத்தெலும்புச் செல்லையே ஏற்றித் தருவது. ஆனால் இதைக் கவனியுங்கள், அது அடிபட்டோ வேறு விதமாகவோ ஓரிடத்தில் குழிந்துபோன குருத்தெலும்புக்கானது. தேய்மானம் முற்றிய முட்டிக்குப் போடக்கூடாது என்று அதன் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. வாட்ஸாப்பில் வரும் விளம்பரங்கள் குறிவைப்பதோ சரியாக அந்த முட்டிகளைத்தான், அதாவது நம் அம்மா அப்பாக்களின் முட்டிகளை.

யாராவது உங்களை அழைத்துப் பேசினால், காலையில் செல்லை எடுத்துச் சாயங்காலம் வைத்துவிடுவோம் என்கிறார்களா என்று பாருங்கள். எடுத்ததைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவது வேறு, வளர்ப்பது வேறு. வளர்க்க வாரக்கணக்கில் ஆகும், அதனால் எடுக்க ஒரு முறை, வைக்க ஒரு முறை என்று இரண்டு முறை போக வேண்டியிருக்கும். எந்த லேபில் வளர்க்கிறார்கள், கிருமிச் சோதனை அறிக்கை தருவார்களா, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உள்ள தயாரிப்பா என்று கேளுங்கள். ஸ்டெம் செல் என்றால் இன்னும் உஷார்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வுதான் நடத்துகிறோம் என்று அவர்களே சொன்னால் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆய்வு என்றும் சொல்லி, பில்லும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்கென்று கட்டணம் வாங்கக்கூடாது.