மதங்களுக்கு மார்க் போடும் அந்த அட்டவணை

இந்த வருடத்தில் இப்படி ஓர் அட்டவணை என் கைக்கு வருவது இது நான்காவது முறை. ஸ்ட்ராட்டஜி கேம், அதாவது ஒரு நாட்டை ஆண்டு வளர்க்கும் கணினி விளையாட்டு, செய்யும் குழுக்களின் டிசைன் ஆவணங்களை வரலாற்றுப் பிழை பார்த்துக் கொடுப்பது என் வேலை. போன வாரம் வந்த ஆவணத்திலும் அதே எக்செல் அட்டவணை. பௌத்தம்: மகிழ்ச்சி +2, படைபலம் −10%. இஸ்லாம்: தாக்குதல் +15%. இந்து மதம்: பொறுமை +1. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. ராத்திரி பகலாக ஆசையோடு உழைக்கும் பிள்ளைகள். அதனால்தான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்த −10%. ஜப்பானின் ஹியெய் மலையில் என்ரியாகுஜி மடத்துக்கு ஆயுதம் ஏந்திய துறவிகளின் படையே இருந்தது. ஜப்பானியப் போர்த்தலைவர் ஒடா நொபுனாகா 1571இல் அந்த மடத்தைக் கொளுத்தும் அளவுக்கு அவர்களை எதிரியாகப் பார்த்தார். இக்கோ-இக்கி என்ற பௌத்தக் கூட்டத்தினர் 1488 தொடங்கி ஏறக்குறைய நூறு வருடம் காகா மாகாணத்தைக் கையில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம், மலாய்த் தீவுகளில் இஸ்லாம் பெரும்பாலும் வணிகர்களோடும் சூஃபிகளோடும் போய்ச் சேர்ந்தது. தாக்குதல் +15% அங்கே எதை விளக்கும்? மதத்துக்குச் சுபாவம் என்று ஒன்றை எழுதினால், அதைப் பின்பற்றும் கோடிக்கணக்கான மனிதர்களின் நெற்றியிலும் அதை ஒட்டுகிறீர்கள். நூறு மணி நேரம் ஆடுகிறவர் மனதில் அது பதியாமல் போகாது.

"சரி, அப்படியானால் எல்லா மதத்துக்கும் ஒரே விதி வைத்துவிடுகிறோம்" என்பார்கள் உடனே. சிவிலைசேஷன் 4 (2005) என்ற கேம் அப்படித்தான் செய்தது. ஏழு மதங்கள், பெயரும் சின்னமும் தவிர விதிகள் ஒன்றே. அதிலிருந்த எச்சரிக்கை உணர்வை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரே அச்சு யாருடைய அச்சு என்று பாருங்கள்: ஏழுக்கும் மிஷனரி உண்டு, யூத மதத்துக்கும். யூதர்கள் பொதுவாக ஆள் சேர்க்கக் கிளம்புவதில்லை. பார்சிகள் மரபாகவே வெளியாரைச் சேர்ப்பதில்லை. மேற்காசியாவின் ட்ரூஸ் என்ற மதச் சமூகம் 1043இலேயே புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பரப்பினால்தான் மதம் என்று எல்லாருக்கும் பொதுவாக விதி எழுதுவதை நடுநிலை என்று சொல்லாதீர்கள்.

மதத்தை எண்ணாக எழுதாமல், ஆள்பவருக்கு அது கொண்டுவரும் சிக்கலாக எழுதிப் பாருங்கள். ஜிஸ்யாவையே எடுத்துக்கொள்வோம். முஸ்லிம் அல்லாத குடிமக்கள் கட்டிய வரி அது. அவர்கள் மதம் மாறினால் கஜானா இளைக்கும். உமய்யா என்ற கலீஃபா வம்சத்தின் காலத்து ஆளுநர்கள் சிலர் மாறியவர்களிடமும் விடாமல் வசூலித்தார்கள். கலீஃபா இரண்டாம் உமர் (717–720) அதை நிறுத்தச் சொன்னார். ஆடுபவர் முன்னால் இந்த முடிவை வைத்துப் பாருங்கள்: வரவா, கொள்கையா? கை தானாகத் தயங்கும். ஜெர்மன் நாடுகளுக்காக 1555இல் கையெழுத்தான ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையும் அப்படித்தான். தன் நாடு கத்தோலிக்கமா, லூத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவா என்பதை அந்தந்த அரசரே தீர்மானிப்பார், ஒப்பாத குடிகள் சொத்தை விற்றுக்கொண்டு வெளியேறலாம். கேம் வரைபடத்தில் மதத்தைக் காட்டும் மாகாணத்தின் நிறத்தை மாற்றுகிறீர்கள், அப்புறம் அங்கிருந்த நெசவாளிகளும் வியாபாரிகளும் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு எந்தப் போனஸும் தேவையில்லை.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மாகாணத்துக்கு ஒரே மதம் என்று வரைபடத்தைத் தீட்டாதீர்கள். எகிப்து 640களில் அரபுப் படைகளிடம் வீழ்ந்த பிறகும் அங்கே கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் பெரும்பான்மையாகவே இருந்தார்கள். ஜப்பானில் 1868இல் அரசு ஆணை போட்டுப் பிரிக்கும்வரை புத்தரும் கமி என்ற ஷின்டோ தெய்வங்களும் பல இடங்களில் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். அங்கே ஒருவர் எந்த மதம் என்று கேட்பதே பொருந்தாத கேள்வி. சதவீதமாக வையுங்கள். ஒரே ஆள் இரண்டு கணக்கிலும் வரட்டும்.

மற்றவை சுருக்கமாக. முகம்மது நபியை வரையாதீர்கள், இதில் பேச்சே வேண்டாம். இன்றும் மக்கள் கும்பிடும் தெய்வத்தை வெட்டிச் சாய்க்கும் யூனிட்டாக வைக்காதீர்கள். பின்னணி இசையின் வரிகளுக்கு அர்த்தம் கேளுங்கள். லிட்டில்பிக்பிளானட் என்ற கேமின் வெளியீடு 2008இல் தள்ளிப்போனது ஒரு பாட்டில் இருந்த குர்ஆன் வாசகங்களால். ஒவ்வொரு மதத்திலிருந்தும் குறைந்தது இரண்டு பேரிடம், வேறு வேறு பிரிவைச் சேர்ந்தவர்களிடம், ஆவணத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெளியிடும் வாரத்தில் கொடுக்காதீர்கள். அட்டவணை போடும் முன்பே கொடுங்கள், கூலியும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிற மதத்தவரைக் குறிக்க "அஞ்ஞானி", "மதத்துரோகி" போன்ற சொற்கள் வரும் இடத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்து அரசரோ குருவோ வசனத்தில் சொன்னால் அது அவர் பார்வை, சொல்லட்டும். மாகாணத் திரையின் ஓரத்தில், மக்கள்தொகைக்குக் கீழே, கேமே அப்படி எழுதிவைக்க வேண்டாம். அங்கே அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரைப் போடுங்கள்.