வியர்த்த குதிரை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

நெடுந்தூரம் ஓடி, உடலெல்லாம் வியர்வை நுரைத்து நிற்கும் குதிரை, முன்னால் வைத்த தண்ணீரைச் சில வேளைகளில் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடம் பிடிப்பதாகத் தோன்றும். உண்மையில் அதற்குத் தாகம் போதுமான அளவு எழுவதே இல்லை.

இரத்தத்தில் அளக்கப்படும் சோடியம், உடலிலுள்ள மொத்த உப்பைக் காட்டுவதில்லை. நீரும் உப்பும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதையே காட்டுகிறது. வளர்ந்த குதிரையில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 132 முதல் 146 மில்லிமோல் (கரைந்த பொருளின் அளவைக் குறிக்கும் அலகு). இரத்தம் செறிவடையும்போதுதான் மூளை தாகத்தைத் தூண்டி, நீரைச் சேமிக்குமாறு சிறுநீரகத்தைப் பணிக்கிறது. மனித வியர்வை இரத்தத்தைவிட நீர்த்திருப்பதால், வியர்க்க வியர்க்க நமக்குத் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையோ உப்புச்செறிவில் இரத்தத்துக்கு இணையானது, சற்று மிகுந்ததும்கூட. வெப்பத்தில் கடுமையாக உழைக்கையில் மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடிய அதன் உடலிலிருந்து நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடல் வறண்டிருந்தாலும் பரிசோதனை முடிவில் சோடியம் இயல்பாகவே தெரியும். முதலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த நீரையும் அடுத்து வெறும் நீரையும் வைத்தால், அது கூடுதலாகக் குடித்து விரைவில் தேறுகிறது.

பிறந்த குட்டியின் நிலை வேறு. தாய்ப்பாலில் நீர் மிகுதி, சோடியம் குறைவு. நாளொன்றுக்குத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பால் குடிக்கும் குட்டி, மிஞ்சும் நீரை மிக நீர்த்த சிறுநீராக ஓயாமல் கழித்தே சமநிலையைக் காக்கிறது. சிறுநீர்ப்பை கிழிந்துவிட்டால் (ஆண் குட்டிகளில் இது அதிகம்) அச்சிறுநீர் வயிற்றறைக்குள் தேங்குகிறது. இரத்தத்தின் சோடியம் அதற்குள் கசிய, அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்துக்குத் திரும்புகிறது. ஓரிரு நாள்களில் குட்டி சோர்ந்து, வயிறு உப்பி, வாலைத் தூக்கியபடி முக்கும். மலம் இறங்கவில்லை என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. ஏறிய பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கும் என்பதால், மருத்துவர்கள் வயிற்று நீரை வடித்து அதைத் தணித்த பின்னரே அறுவைக்கான மயக்கமருந்து கொடுப்பார்கள்.

சோடியம் மிகவும் தாழ்ந்தால் நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து வலிப்பு வரும். தாழ்வு சில நாள்கள் நீடித்தாலோ, செல்கள் தம் கரைபொருள்களை வெளியேற்றிப் பழகிவிட்டிருக்கும். அந்நிலையில் சோடியத்தை விரைந்து உயர்த்தினால் அவை சுருங்கி, நரம்பிழைகளின் உறை சிதையக்கூடும். பால்மாவை அளவுக்கு மீறிய செறிவில் கரைத்துக் கொடுத்ததால் சோடியம் ஏறிய குட்டியிலோ, விரைந்து நீரேற்றினால் மூளை வீங்கும். ஆகவே எத்திசையிலும் மாற்றத்தை மணிக்கு, லிட்டருக்கு அரை மில்லிமோல் அளவில் நிறுத்தி, அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சோடியத் தாழ்வால் வலிப்பு நிற்காத குட்டிக்கு மட்டும் முதல் சில மில்லிமோல்களை விரைந்து ஏற்றுவதுண்டு.