பள்ளிக் கட்டடத்துக்குக் கடன், கையெழுத்து உங்களுடையது: கலிபோர்னியா வாக்குச்சீட்டில் வரும் 'மெஷர்'

தேர்தலுக்கு 29 நாள் முன்பே வாக்குச்சீட்டுகள் தபாலில் கிளம்பிவிடும். கலிபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். உறையைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தால் ஜனாதிபதி அல்லது கவர்னர், செனட்டர் என்று பெரிய பெயர்கள் முதலில் வரும். அதெல்லாம் முடிந்து கடைசியில் 'மெஷர்' என்ற சொல்லும், பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அதன் கீழே மூச்சுவிடாமல் ஓடும் ஒரே வாக்கியம்: ஒழுகும் கூரைகளைச் சரிசெய்ய, அறிவியல் கூடங்களைப் புதுப்பிக்க, நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்களைப் பலப்படுத்த, எங்கள் பள்ளி மாவட்டம் இத்தனை கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்புக்குத்தான் இங்கே பள்ளி மாவட்டம் என்று பெயர்.

நமக்குத் தெரிந்த பலர் இந்த இடத்துக்கு வந்ததும் காலியாக விட்டுவிட்டு உறையை ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமான விஷயம். அந்தச் சீட்டிலேயே உங்கள் வீட்டு வரி ரசீதில் நேரடியாக வந்து உட்காரப்போகும் வரி அதுதான். நம் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறையைத் தீர்மானிப்பதும் அதுதான்.

முதலில், கேட்பது என்ன? வரியை உயர்த்தவா என்று நேராகக் கேட்பதில்லை, கடன் வாங்கட்டுமா என்று கேட்கிறார்கள். நீங்கள் சரி என்றால் பள்ளி மாவட்டம் பத்திரங்களை முதலீட்டாளர்களுக்கு விற்றுப் பணம் திரட்டும். இந்தப் பத்திரங்களில் வரும் வட்டிக்குப் பொதுவாக மத்திய வருமான வரி கிடையாது. அதனால் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கே வாங்கிக்கொள்வார்கள். அசலும் வட்டியுமாக இருபத்தைந்து, முப்பது வருடம் திருப்பிக் கட்டவேண்டும். அதைக் கட்டுவது அந்த மாவட்ட எல்லைக்குள் வீடோ நிலமோ கடையோ வைத்திருக்கும் எல்லோரும், சொத்து வரியோடு சேர்த்து. ஆக, இது ஊர் கூடி வாங்கும் வீட்டுக்கடன். ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லித்தான் சீட்டு வருகிறது.

இதற்கு ஏன் மக்களிடம் வரவேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மாநிலம் முழுவதும் மக்கள் வாக்குக்கு விடும் முன்மொழிவை இங்கே புரொபொசிஷன் என்பார்கள். 1978 ஜூனில் கலிபோர்னியா மக்கள் புரொபொசிஷன் 13 என்ற சட்டத்திருத்தத்தை நிறைவேற்றினார்கள். வீடுகளின் சந்தை விலை ஏற ஏற வரியும் ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் வீட்டை இழக்கும் பயத்தில் இருந்த காலம் அது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மதிப்பிடலாம் என்று அது கட்டிப்போட்டது. அந்தக் கட்டில் பள்ளிக் கட்டடக் கடனும் மாட்டிக்கொண்டது. கடனை அடைக்க 1 சதவீதத்துக்கு மேல் வரி போட வழியில்லாமல் எட்டு வருடம் போயிற்று. 1986-ல் புரொபொசிஷன் 46 வழி திறந்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சம்மதிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஆம் என்று சொல்லியும் தோற்றுப்போகும் நிலை. 2000 நவம்பரில் புரொபொசிஷன் 39 வந்து, பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ் எனும் இரண்டு வருடப் பொதுக் கல்லூரிகளுக்கும் மட்டும் அந்த வரம்பை 55 சதவீதமாகக் குறைத்தது. மாநில அளவில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும் என்பதால், அந்தத் திருத்தம் 53 சதவீத ஆதரவிலேயே ஜெயித்துவிட்டது.

நகராட்சிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. சாலை, நூலகம், தீயணைப்பு நிலையம் என்று நகரம் பொதுக் கடன் பத்திரம் போட்டால் இன்றும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வீட்டுவசதிக்கும் உள்கட்டமைப்புக்கும் 55 போதும் என்று மாற்றப் பார்த்த புரொபொசிஷன் 5, 2024 நவம்பரில் தோற்றது.

வரம்பைக் குறைத்த கையோடு புரொபொசிஷன் 39 சில கடிவாளங்களையும் போட்டது. எந்தப் பள்ளியில் என்ன வேலை என்ற பட்டியலை முன்கூட்டியே தரவேண்டும். அந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளமோ நிர்வாகச் செலவோ செய்யக்கூடாது. வருடா வருடம் தணிக்கை நடக்கவேண்டும். வரிக்கும் ஓர் அளவு உண்டு: தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை ஒன்றாக நடத்தும் மாவட்டம் என்றால், வரி மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு வருடம் 60 டாலருக்கு மிகாமல். தொடக்கப் பள்ளிக்கு மட்டும், உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் என்று தனித்தனி மாவட்டம் என்றால் 30. கம்யூனிட்டி காலேஜ் என்றால் 25.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்கே போட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியது, அது இன்றைய விலை அல்ல, வரி ரசீதில் 'அசெஸ்டு வேல்யூ' என்று போட்டிருக்கும் மதிப்பு. சமீபத்தில் 12 லட்சம் டாலருக்கு வீடு வாங்கிய ஒருவருக்கு 60 டாலர் வீதம் என்றால் வருடத்துக்கு 720 டாலர். சுவரை ஒட்டி அதே அளவு வீட்டில் முப்பது வருடமாக இருப்பவரின் வரி மதிப்பு 3 லட்சம்தான் என்றால் அவருக்கு 180. ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே கடன். புதிதாக வந்தவர்தான் அதிகம் சுமக்கிறார். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கடந்த பத்து, பதினைந்து வருடங்களில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த 720 பக்கத்தில் இருப்பவர்கள். அப்படிப்பட்டவர்களே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60 டாலர் ஒரு தேர்தலில் கேட்கும் ஒரு கடனுக்கான அளவு. ஆறு வருடம் கழித்து இன்னொரு மெஷர் ஜெயித்தால் அது தனிக்கணக்கு. அதோடு, அது மதிப்பீடுதான். ஊரின் சொத்து மதிப்பு எதிர்பார்த்தபடி வளராவிட்டால், கடனை அடைக்கத் தேவையான அளவுக்கு வரி விதிக்க வேண்டிய கட்டாயம் கவுண்டிக்கு, அதாவது சொத்து வரியை வசூலிக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கு, உண்டு.

அதனால் வாக்காளர் கையேட்டில் 'டாக்ஸ் ரேட் ஸ்டேட்மெண்ட்' என்ற பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். கையேட்டில் கவுண்டி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கம் இருக்கும். ஆதரவாகவும் எதிர்த்தும் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வாதங்களும் இருக்கும், ஒவ்வொன்றும் 300 சொல்லுக்குள். அதையெல்லாம் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு பக்கத்தை விடாதீர்கள். அதில்தான் மொத்தமாகத் திருப்பிக் கட்டப்போகும் தொகை, வட்டியும் சேர்த்து, இருக்கும். வாங்கும் தொகையைப் பெரிய எழுத்தில் எல்லோரும் சொல்வார்கள். கட்டும் தொகை இங்கே இருக்கிறது.

அது எவ்வளவு முக்கியம் என்று சான் டியேகோ பக்கத்துப் போவே ஊருக்குத் தெரியும். அங்குள்ள பள்ளி மாவட்டம் 2011-ல் சுமார் 10.5 கோடி டாலர் திரட்டியது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு காசும் கட்டவேண்டாம், வட்டி அசலோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும், பிறகு கட்டலாம் என்ற வகைப் பத்திரம். முடிவில் கட்டவேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி டாலர். அன்று பள்ளியில் படித்த பிள்ளை வளர்ந்து, வீடு வாங்கி, அந்தக் கடனைக் கட்டும். பெரிய கொந்தளிப்புக்குப் பிறகு 2013-ல் மாநிலம் சட்டம் போட்டது: மொத்தம் கட்டுவது வாங்கியதைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது, இந்த வகைப் பத்திரம் 25 வருடத்துக்கு மேல் போகக்கூடாது.

இதைச் சொல்வதால் நான் கடனுக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். மழை பெய்யும் நாளில் வகுப்பறை மூலையில் வாளி வைத்துப் பாடம் நடத்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தற்காலிகம் என்று கொண்டுவந்து வைத்த பெட்டி அறைகளில் ஒரு தலைமுறையே படித்து முடித்துவிட்டது. 2024 நவம்பரில் மாநில மக்கள் புரொபொசிஷன் 2 மூலம் 1,000 கோடி டாலர் கடனுக்குச் சம்மதித்தார்கள், அதில் 850 கோடி பள்ளிகளுக்கு. ஆனால் அந்தப் பணம் தானாக வராது. புதுக் கட்டடத்துக்குச் சுமார் பாதியை உள்ளூர் போடவேண்டும், பழுதுபார்க்கச் சுமார் 40 சதவீதம். உள்ளூர் மெஷர் தோற்றால் மாநிலத்தின் பங்கையும் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான்.

'பார்சல் டாக்ஸ்' என்று வந்தால் அது வேறு. அது கடன் இல்லை, நேரடி வரி. வீட்டு மதிப்பு எதுவானாலும் பொதுவாக மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இதில் ஆசிரியர் சம்பளம், நூலகர், இசை வகுப்பு எல்லாம் செய்யலாம். பள்ளி மாவட்டம் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. பல மாவட்டங்கள் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விலக்கு தருகின்றன, ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அப்பா அம்மா பெயரில் வீடு இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.

சென்ற தேர்தலில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நான் வாடகைக்கு இருக்கேன், பிள்ளையும் இல்ல. நான் இதுல ஓட்டுப் போடலாமா?" தாராளமாகப் போடலாம். இந்த உரிமைக்காக நியூயார்க்கில் ஒருவர் வழக்குப் போட்டு வென்றிருக்கிறார். கிரேமர், 31 வயது, கல்யாணமாகாதவர், பெற்றோர் வீட்டில் இருந்தவர். சொத்தோ பள்ளியில் பிள்ளையோ இருந்தால்தான் பள்ளித் தேர்தலில் வாக்கு என்றிருந்த சட்டத்தை 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் ரத்து செய்தது. அடுத்த வருடமே ஃபீனிக்ஸ் நகர வழக்கில், பொதுக் கடன் பத்திரத் தேர்தலையும் சொத்துக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. வாடகையில் இருப்பவரும் அந்த வரியை வாடகை வழியே சுமக்கிறார் என்பதை நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

ஆனால் எச்1பி விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் தயவுசெய்து வாக்களிக்காதீர்கள். வரி கட்டுகிறோமே என்று தோன்றும், நியாயமான ஆதங்கம்தான். ஆனால் குடியுரிமை இல்லாமல் இந்தத் தேர்தலில் வாக்களித்தால் கிரீன் கார்டே பறிபோகலாம், நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போகும். ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது வாக்காளர் பதிவுக் கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லுங்கள்.

அவர்களுக்கும் வாய் இருக்கிறது. மெஷரைத் தேர்தலில் வைக்கலாமா என்று, மாவட்டத்தை நிர்வகிக்கும் பள்ளி வாரியம் கூடும் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. பேசுவதற்குக் குடியுரிமை கேட்க மாட்டார்கள், பெயர் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 55 சதவீத வழியில் போக வாரியத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்பதால், பட்டியலில் உங்கள் பள்ளி விட்டுப்போயிருந்தால் கேட்கவேண்டிய நேரம் அதுதான். தேர்தல் முடிந்தபின் பட்டியலில் ஒரு வரியைக்கூடச் சேர்க்க முடியாது.

மெஷர் ஜெயித்தால், முடிவு வாரியத்தின் பதிவேட்டில் ஏறிய 60 நாளுக்குள் மக்கள் மேற்பார்வைக் குழு அமைக்கவேண்டும். குறைந்தது ஏழு பேர். வியாபாரி ஒருவர், மூத்த குடிமக்கள் அமைப்பிலிருந்து ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர், பிள்ளையின் பெற்றோர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இயங்கும் பெற்றோர் இன்னொருவர் என்று இருக்கவேண்டும். மாவட்ட ஊழியரும் ஒப்பந்ததாரரும் உட்காரக்கூடாது. கட்டிய கூரைக்கும் கொடுத்த பணத்துக்கும் கணக்குப் பார்ப்பது இவர்கள் வேலை. பல மாவட்டங்களில் இந்த நாற்காலிகள் நிரம்பாமல், விண்ணப்பிக்க யாராவது வாருங்கள் என்று தேதியை நீட்டிக்கொண்டே போகிறார்கள். நம்மில் கணக்குத் தெரிந்தவர்கள், சிவில் எஞ்சினியர்கள் எத்தனை பேர் இருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். விண்ணப்பப் படிவம் மாவட்டத்தின் இணையதளத்திலேயே இருக்கும்.