நிலத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது, அண்ணே

போடிமெட்டிலிருந்து மூணாறு வரை வங்கிகளுக்காகச் சொத்து மதிப்பிடுவது என் பிழைப்பு. இந்த மழைக்காலத்தில் கைக்கு வந்த நாலாவது ரிசார்ட் கடன் ஃபைல் இது. பதினாலு அறை, பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி எழுப்பிய தடுப்புச்சுவர். சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைத்தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்து வெள்ளையும் அடித்திருந்தார்கள். "கறை வழியுது சார், கெஸ்ட் முகம் சுளிக்கிறாங்க" என்றார் உரிமையாளர். சுவருக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து, நுனியில் நிமிர்ந்து நின்றன. மண் நகர்கிறது என்று அர்த்தம். நான் குறித்துக்கொண்டதும் வழக்கமான பதில் வந்தது: "அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே!"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாலிசி கட்டடத்துக்கும் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும்தான். நிலத்துக்கு இல்லை. இந்த ஃபைலில் மதிப்பில் பாதிக்கு மேல் நிலம்தான். அது சரிந்து போனால் ஒரு பைசா வராது. பாலிசி ஒரு வருஷத்துக்கு, கடன் பன்னிரண்டு வருஷத்துக்கு. நடுவில் கம்பெனி பிரீமியத்தை ஏற்றலாம், புதுப்பிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். சரி, கட்டடத்துக்குப் பணம் வந்தாலும் வங்கி ஷரத்துப்படி அது முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் பாதி மதிப்புக்கு மட்டும் பாலிசி எடுத்தால், நஷ்டத்திலும் பாதிதான் கிடைக்கும்.

அப்புறம் ரோடு. 2020ல் மூணாறு–போடிமெட்டு பாதையில் கேப் ரோட்டில் பாறை சரிந்தது மறந்துவிட்டதா? ரோடு அடைபட்டால், கட்டடத்தில் கீறல்கூட விழாமல் அறைகள் காலியாகக் கிடக்கும். வருமான இழப்புக்குத் தனி பாலிசி உண்டு, அதுவும் பொதுவாக உங்கள் கட்டடம் சேதமானால்தான். தவணையைப் போல ஒன்றேகால் மடங்காவது வருமானம் இருக்கிறதா என்று வங்கி பார்க்கும்போது மே மாத சீசன் கணக்கை நீட்டாதீர்கள். ஆகஸ்ட் கணக்கைக் கொண்டு வாருங்கள்.

"எங்க பக்கம் ஒண்ணும் ஆகாது" என்பவரிடம் நான் வாதாடுவதில்லை. 1924ல் மூணாற்றில் அப்போது இருந்த ரயில் பாதையையே வெள்ளம் கொண்டுபோனது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள்.

இடம் வாங்குமுன் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் நிலச்சரிவு வரைபடத்தைப் பாருங்கள். பிப்ரவரி வெயிலில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஜூலையில் ஒருமுறை நனைந்துகொண்டே சுற்றி வாருங்கள். மலையை வெட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவதில் பிரயோசனமில்லை.

அந்த ஓட்டைகளையாவது இன்றைக்கே திறந்துவிடுங்கள், அண்ணே. கறை வழிந்தால் வழியட்டும்.