உயர்ந்த கூரையின் கீழ் பேச்சு ஏன் கலங்குகிறது?

பழைய நூற்பாலை ஒன்றைச் சொகுசுக் குடியிருப்பாக மாற்றிய கட்டடத்தில் ‘லாஃப்ட்’ வகை வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டடி தடிமனுள்ள செங்கல் சுவர்கள் இருப்பதால் தெருச் சத்தம் துளியும் உள்ளே வருவதில்லை. ஆனால் உணவு மேசையில் எதிரே அமர்ந்திருப்பவர் பேசுவது காதில் விழுகிறதே தவிர, என்ன சொன்னார் என்பது பிடிபடுவதில்லை. சுவர்களில் முட்டை அட்டைகளை ஒட்டினால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். ஒட்டலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு சொல் விளக்கம்: நம் பேச்சுவழக்கில் லாஃப்ட் என்றால் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிவைக்கும் பரண். இவர் சொல்லும் லாஃப்ட் வேறு. தடுப்புச் சுவர்கள் இல்லாமல், ஆலையின் ஒரு தளத்தை அப்படியே கூடமாக வைத்துக்கொண்ட வீடு அது. மின்விளக்கு வருவதற்கு முந்தைய ஆலைகளில் பகல் வெளிச்சம் தளத்தின் நடுப்பகுதிவரை எட்ட வேண்டியிருந்ததால் சன்னல்களையும் கூரையையும் உயர்த்திக் கட்டினார்கள். அந்த உயரமே இப்போது விற்பனைக்கான கவர்ச்சி. பேச்சு கலங்குவதற்கும் அதுவே பாதிக் காரணம்.

12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட கூடத்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய கூடத்தில் ஒலியலை ஒரு பரப்பில் மோதி மற்றொரு பரப்பை அடையச் சராசரியாக 4.9 மீட்டர் பயணம் செய்கிறது. ஆகவே விநாடிக்கு ஏறக்குறைய 70 முறை மோதுகிறது. செங்கல், கான்கிரீட், கண்ணாடி ஆகியவை மோதும் ஒலியில் மிகச் சிறிய பங்கையே விழுங்குகின்றன. சராசரியாக 4 விழுக்காடு என்று கொண்டால், ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 60 டெசிபல் தணிய, சுமார் 340 மோதல்கள் தேவை. அதற்கு ஏறத்தாழ 5 விநாடி ஆகும். நாம் விநாடிக்கு நான்கைந்து அசைகள் பேசுகிறோம். எனவே ஒரு சொல் பிறக்கும்போது அதற்கு முன் உதிர்ந்த இருபது அசைகளின் மிச்சமும் அறைக்குள் உலவிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் எதிர்முழக்கம் என்கிறோம். கூரையை இரண்டரை மீட்டருக்கு இறக்கினால் மோதல்கள் அடிக்கடி நிகழும். அதே பொருட்களோடு எதிர்முழக்கம் மூன்றேகால் விநாடியாகக் குறைந்துவிடும். தெருச் சத்தத்தைத் தடுக்கும் கனத்த சுவர்தான் உள்ளே எழும் பேச்சையும் வெளியேறவிடாமல் திருப்பி அனுப்புகிறது.

இந்தக் கணக்குக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சு புரியவில்லை என்று முறையிட்டார்கள். அங்கே எதிர்முழக்கம் ஐந்தரை விநாடி நீடித்தது. இருபதுகளில் இருந்த சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி செவிக்கு எட்டாமல் மறையும் நேரத்தை அளந்தார். தாம் அணிந்திருந்த உடையும் ஒலியை விழுங்குவதைப் பின்னர் உணர்ந்து, முந்தைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே உடையோடு மீண்டும் தொடங்கினார். அறையின் கனஅளவு கூடினால் எதிர்முழக்கம் நீளும், ஒலியை விழுங்கும் பரப்பு கூடினால் குறையும் என்று அவர் கண்ட விதிதான் 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி அரங்கின் வடிவமைப்புக்கு வழிகாட்டியது. மெத்தை சுமந்து அளப்பதற்கு மூன்றாண்டு தேவை என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால் எந்த நிதிக்குழு ஒப்புதல் தரும்? விலையுயர்ந்த கருவிக்குக் கிடைக்கும் பணம் பொறுமைக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

மெத்தை ஒலியை எப்படி விழுங்குகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒலி என்பது காற்றின் முன்னும் பின்னுமான ஆட்டம். இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வழிகளில் அந்த ஆட்டம் நிகழும்போது உராய்வு ஏற்பட்டு, ஆற்றல் வெப்பமாகிறது. இயல்பான பேச்சின் ஒலித்திறன் ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் மெத்தை சூடாகிவிடாது. உராய்வதற்குக் காற்று அசைந்தாக வேண்டும் என்பதே இங்கே முக்கியம். சுவரை ஒட்டியிருக்கும் காற்றால் அசைய முடியாது. கூட்டம் நெருக்கித் தள்ளும்போது சுவரோரம் நிற்பவர் நசுங்குவாரே தவிர நகரமாட்டார். சில அடி பின்னால் இருப்பவர்கள்தான் முன்னும் பின்னும் அலைமோதுவார்கள். ஒலியிலும் அப்படியே: சுவரில் அழுத்தம் உச்சம், அசைவு பூஜ்யம். அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால் அசைவு உச்சம். 500 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 500 முறை அதிரும் ஒலிக்கு அந்தத் தொலைவு 17 சென்டிமீட்டர். 125 ஹெர்ட்ஸ் என்றால் 69 சென்டிமீட்டர்.

முட்டை அட்டை தோற்பது இங்கேதான். அது மெல்லியது; சுவரோடு ஒட்டிக் கிடப்பது; காற்று அசையாத இடத்தில் அமர்ந்துகொண்டு எதை உராயும்? கூரிய ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவே. எளிதில் தீப்பிடிக்கும் தாளை வீடெங்கும் ஒட்டச் சொல்லும் இந்த நம்பிக்கை, தாயத்துக் கட்டுவதைவிட ஆபத்தானது.

அட்டைக்குப் பதில் துணியைக் கனமான திரையாக்கிச் சுவரிலிருந்து 17 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால், பேச்சின் நடுத்தர ஒலிகள் அதில் நன்றாகச் சிக்கும். ஆனால் அதே தொலைவு 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை அலைநீளமாகிவிடும். அங்கே மறுபடி அசைவு இல்லை. இதற்குத் தையற்காரர்கள் அறியாமலே ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: மடிப்பு. ஆழமான மடிப்புகள் உள்ள திரையில் துணியின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு தொலைவில் நிற்பதால், ஓர் அலைக்குத் தப்பும் இடம் மற்றோர் அலைக்குப் பொறியாகிறது.

வாசகர் ஆசைப்பட்டு வாங்கிய செங்கல் சுவரை மூட வேண்டியதில்லை. கூரையைப் பயன்படுத்தலாம், உயரம் இருப்பதால் விட்டங்களிலிருந்து அரை மீட்டர் இறக்கித் தொங்கவிட இடம் தாராளமாக உண்டு. மோதும் ஒலியில் 80 விழுக்காட்டை ஏற்கும் கனிம இழைப் பலகைகளை 50 சதுர மீட்டருக்குத் தொங்கவிட்டு, பாதியை ஏற்கும் மடிப்புத் திரையை 20 சதுர மீட்டருக்குச் சன்னல்களில் இட்டால், விழும் ஒலியைச் சற்றும் திருப்பியனுப்பாத திறந்த சன்னல் 50 சதுர மீட்டருக்கு இருப்பதற்கு நிகரான விழுங்கல் கூடுதலாகக் கிடைக்கும். கூடத்தின் 392 சதுர மீட்டர் பரப்பில் 4 விழுக்காடாக முன்பே இருந்த 16 சதுர மீட்டரோடு சேர்த்துச் சபைன் விதிப்படி கணக்கிட்டால், 5 விநாடி 1.2 விநாடியாகக் குறையும். தீத்தடுப்புச் சான்று உள்ள பலகையாகப் பார்த்து வாங்குங்கள். தொங்கவிடுவதற்கு முன்னும் பின்னும் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி, ஒலி அடங்கும்வரை கேட்டுப் பாருங்கள்.