ஆஸ்ட்ரசிசம்: ஊர்விலக்கா, ஓட்டுவிலக்கா?

ஒருவரை ஒதுக்கி விலக்குவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் ஆஸ்ட்ரசிசம் (ostracism). அதைத் தமிழில் எழுத வந்தால் கை தானாக ‘ஊர்விலக்கு’ என்று எழுதிவிடுகிறது. பழைய ஏதென்ஸைப் பற்றி எழுதும்போதும் அதையே போடுகிறோம், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஊர்விலக்கு என்றால் என்ன? கடையில் சாமான் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது, வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் ஒரு ஆள் எட்டிப்பார்க்க மாட்டான். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எளிய குடும்பம்தான். ஏதென்ஸில் நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் பெரிய தலைகள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆஸ்ட்ரசிசம் வந்தது ‘ஒஸ்ட்ரகொன்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. கிரேக்கத்தில் ‘ஒஸ்ட்ரகொன்’ என்றால் சிப்பி, நத்தை போன்றவற்றின் கெட்டி ஓடு, அப்புறம் உடைந்த பானையின் ஓடும் அதுவே. எலும்பைக் குறிக்கும் ‘ஒஸ்டெயொன்’ இதற்குச் சொந்தக்காரச் சொல். எலும்புத் தேய்வை டாக்டர் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறாரே, அதில் இருப்பது அந்தச் சொல்தான். இப்போது தமிழுக்கு வாருங்கள்: நத்தை ஓடு, பானை ஓடு, மண்டை ஓடு. ஒரே சொல், அதே பொருள்கள்! (உடனே ஓடுதான் ஒஸ்ட்ரகொன் ஆனது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அப்படி எந்த உறவும் கிடையாது. கெட்டியான மேல்கூடு என்ற ஒரே எண்ணம் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி பரவியிருக்கிறது, அவ்வளவுதான்.)

பானை ஓட்டுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஏதென்ஸில் ஓட்டுச்சீட்டே அதுதான். காகிதம் கிடையாது, எழுதப் பயன்பட்ட பப்பைரஸ் என்ற நாணல் தாள் எகிப்திலிருந்து வர வேண்டும், உடைந்த பானையோ தெருவெல்லாம் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் அவை கூடி, ‘இந்த வருஷம் யாரையாவது அனுப்ப வேண்டுமா?’ என்று மட்டும் கேட்கும். பெயர் சொல்ல மாட்டார்கள். வேண்டும் என்று முடிவானால், சில வாரம் கழித்துச் சந்தைத் திடலை அடைத்து வேலி போட்டு, பத்துக் குலங்களுக்குப் பத்து வாசல் வைத்து, ஆளுக்கு ஒரு ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போட்டுவிட்டுப் போவார்கள். குறைந்தது 6000 ஓடு விழ வேண்டும் (மொத்தமாகவா, ஒருவருக்கு எதிராகவா என்பதில் பழைய ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை). அதிக ஓட்டில் பெயர் வந்தவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும், பத்து ஆண்டு திரும்பக் கூடாது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தண்டனை என்றும் பெயர் இல்லை. சொத்து அவருடையதே, வருமானமும் வரும், குடியுரிமையும் போகாது. ஒரு ஆள் தலைக்கு மேல் வளர்ந்து மறுபடி கொடுங்கோலன் ஆகிவிடக் கூடாது என்ற பயம், அதுதான் காரணம்.

முதலில் போனவர் கி.மு. 487-இல் ஹிப்பார்கஸ், பழைய கொடுங்கோலர் குடும்பத்தின் உறவுக்காரர். சலாமிஸ் கடற்போரில் ஊரையே காப்பாற்றிய தெமிஸ்டோகிளிஸையும் அந்தப் போர் முடிந்த பத்து வருடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். 1937-இல் ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் ஏறக்குறைய 190 ஓடுகள் கிடைத்தன, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தெமிஸ்டோகிளிஸ் பெயர். பல ஓடுகள் கோப்பையின் அடிப்பாகம், உள்ளங்கையில் அடங்கும் வட்டம். கையெழுத்தைப் பார்த்தால் 14 பேர்தான் அத்தனையும் எழுதியிருக்கிறார்கள்! முன்கூட்டியே எழுதி வைத்து வருகிறவன் போகிறவன் கையில் திணிக்கத் தயார் செய்த சரக்குபோலத்தான் தெரிகிறது. பூத் ஸ்லிப் கொடுப்பதில் நாம் ஒன்றும் முன்னோடி இல்லை. இன்னொரு ஓட்டில் கிமோன் என்ற தளபதியை ‘உன் சகோதரி எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போய்த் தொலை’ என்கிற தோரணையில் ஒருவன் கீறி வைத்திருக்கிறான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘நாடுகடத்தல்’ என்றால் குற்றவாளி வாடை அடிக்கிறது. ‘புறக்கணிப்பு’ என்றால் ஆள் ஊரிலேயே இருப்பார், பேச மட்டும் மாட்டார்கள். ஊர்விலக்குக்குக் கிட்டத்தில் வருவது ரோமர்களிடம் இருந்த வேறொரு வழக்கம். ஒருவனுக்கு நீரும் நெருப்பும் யாரும் தரக் கூடாது என்று அறிவிப்பார்கள், பிறகு அவன் அந்த மண்ணில் வாழ முடியாது. ஏதென்ஸ் விஷயத்துக்கு என் தேர்வு ‘ஓட்டுவிலக்கு’. ஓடு, வீட்டோடு சேர்ந்தால் ஓட்டு வீடு ஆகிறதே, அதே இலக்கணம்தான். வோட்டு தேய்ந்து வந்த ‘ஓட்டு’ம் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. பானை ஓட்டால் விலக்கு, வாக்கால் விலக்கு, இரண்டும் உண்மை. சிலேடை இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது விடுவானேன்? ஆபீஸில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் இன்றைய ஆஸ்ட்ரசிசத்துக்கு ‘ஒதுக்கிவைத்தல்’, ‘தள்ளிவைத்தல்’ போதும், அதற்குப் புதுச் சொல் வேண்டாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரத்துக்காரர்கள் ஏதென்ஸைப் பார்த்து இதே வேலையைக் கொஞ்ச காலம் செய்தார்கள். ஓட்டுக்குப் பதில் ஒலிவ இலையில் பெயர் எழுதினார்கள், பத்துக்குப் பதில் ஐந்து ஆண்டு. அதற்குப் பெயர் பெட்டலிசம். நமக்கு ‘இலைவிலக்கு’.