மணி அடித்தால் பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, மணி 5:40. நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. 14வது மாடி. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஊரிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பாட்டி, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று எழுதும் மேசையில் விளக்கேற்றி, சாம்பிராணியும் போட்டிருக்கிறார். விளக்குச் சுடருக்கும் ஜன்னல் திரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. நல்லவேளை, எதுவும் பற்றவில்லை.

ஆனால் அன்று என்னைக் கலங்க வைத்தது அந்த அறை இல்லை, அதே மாடியிலிருந்த மற்றவர்கள். ஒருவர் முகப்புக்குத் தொலைபேசியில் அழைத்து, "சார், குழந்தை தூங்குது, அந்த மணியைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். இன்னொரு குடும்பம் நான்கு பெரிய பெட்டிகளோடு மின்தூக்கிக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. எழுந்து, சட்டை போட்டு, பெட்டியைக் கட்டி, பூட்டி, இழுத்து வருவதற்குள் மணி அடிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஓடிவிட்டது. படிக்கட்டு எங்கே என்று கேட்டேன். ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் அங்கே தங்கி மூன்று நாளாகிவிட்டது.

சிங்கப்பூரின் நகர மையத்தில், பல நூறு அறைகள் கொண்ட ஹோட்டலில் 16 வருடமாக இரவுப் பணி மேலாளராக இருக்கிறேன். இந்தக் காட்சியை இந்த வருடம் மட்டும் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"எங்கேயும் தீ தெரியலையே, சும்மா மணிதான்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மாடிக் கட்டடத்தில் தீ உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கீழே சமையலறையில் பிடிக்கும், நீங்கள் இருபதாவது மாடியில் இருப்பீர்கள். தீ வராது, புகை வரும். மின்தூக்கிக் குழி, குழாய்கள் போகும் இடைவெளி, யாரோ திறந்து வைத்த படிக்கட்டுக் கதவு, இப்படிக் கிடைத்த வழியிலெல்லாம் மேலே ஏறும். 1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் எரிந்தது. தீ கீழ்த்தளத்து உணவகத்தில் தொடங்கி, பெரும்பாலும் அந்தத் தளத்தோடு நின்றுவிட்டது. இறந்தவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் புகையால் செத்தவர்கள். தீயைக் கண்ணால் கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மின்தூக்கி எவ்வளவு ஆபத்து என்று சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1972ல், அதே நவம்பர் 21 அன்று, நம் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் கடை எரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் நின்றதால் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டவர்கள். இங்கே வயதானவர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுவார்கள். இப்போதெல்லாம் தீ மணி அடித்தால் மின்தூக்கிகள் தானாகக் கீழே போய் நின்றுகொள்ளும். நீங்கள் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் வராது.

"பாதி நேரம் பொய் மணிதானே அடிக்குது?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆமாம், பல முறை ஒன்றும் இருக்காது. குளியலறை நீராவி, சிகரெட், யாரோ ஊதிய வேப் எனும் மின்சிகரெட் (அது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம், ஊரிலிருந்து கொண்டு வரவே வராதீர்கள்) என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் இந்த முறை அடிப்பது எந்த வகை என்று எனக்கே முதல் ஐந்து நிமிடம் தெரியாது. கட்டுப்பாட்டுப் பலகையில் மாடியும் அறையும் தெரியும், அவ்வளவுதான். ஆள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கட்டிலில் படுத்தபடி உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அறிவிப்பு விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எங்களைப் போன்ற பெரிய கட்டடங்களில் முதலில், "மணி அடித்த காரணத்தைப் பார்க்கிறோம், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வோம். இதைக் கேட்டதும் திரும்பப் படுத்துவிடுகிறார்கள். காத்திருங்கள் என்றால் தயாராக இருங்கள் என்று பொருள். செருப்பைப் போடுங்கள், பிள்ளைகளை எழுப்புங்கள், அறை அட்டையையும் கைப்பேசியையும் எடுங்கள், பாஸ்போர்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதையும் எடுங்கள். வெளியேறச் சொன்னால் உடனே கிளம்புங்கள். புகை வாடை வந்தால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். அன்று அந்தப் பாட்டிக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. மகனும் மருமகளும் பக்கத்து அறையில். "யாரோ கத்துறாங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரைத் தனி அறையில் தங்கவைக்கும் பிள்ளைகளைத்தான் கேட்கிறேன்: வந்த அன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி, "இந்தச் சத்தம் கேட்டால் இப்படிச் செய்யுங்க" என்று சொல்லிவைக்கக் கூடாதா?

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அறைக்குள் போனதும் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். அப்புறம் வெளியே வந்து, படிக்கட்டுக் கதவு வரை நடந்துபோய், நடுவில் எத்தனை அறைக் கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் விளக்கு தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு, குனிந்து, கதவுகளை எண்ணியபடிதான் போக வேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் இதை விளையாட்டாகச் சொல்லுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் நன்றாக நினைவு வைத்துக்கொள்வார்கள். படிக்கட்டுக்குள் நுழைந்த பிறகு நடுவில் எந்த மாடிக்கும் திரும்ப நினைக்காதீர்கள். பல கட்டடங்களில் அந்தக் கதவு படிக்கட்டுப் பக்கத்திலிருந்து திறக்காது. நேராகக் கீழே, கட்டடத்துக்கு வெளியே வந்துவிடுங்கள்.

வெளியே தாழ்வாரத்தில் புகை அடர்ந்திருந்தால், அல்லது கதவு தொட முடியாத சூடாக இருந்தால், திறக்காதீர்கள். உள்ளேயே இருங்கள். ஈரத் துண்டைக் கதவடியில் திணித்துவிட்டு முகப்பையும் 995ஐயும் அழைத்து அறை எண்ணைச் சொல்லுங்கள். 995 இங்கே தீயணைப்பைப் பார்த்துக்கொள்ளும் குடிமைத் தற்காப்புப் படையின் எண். அந்த அறைக் கதவு சாதாரண மரக் கதவு இல்லை. தீயைக் கணிசமான நேரம் தடுத்து நிறுத்தும்படி செய்யப்பட்டது, தானாகச் சாத்திக்கொள்ளும். ஆனால் இரண்டு மூன்று அறை எடுக்கும் நம் குடும்பங்கள் செய்வது என்ன? பிள்ளைகள் போக வர வசதியாக எல்லாக் கதவுக்கும் செருப்பை முட்டுக்கொடுத்து விடிய விடியத் திறந்து வைக்கிறார்கள். இரவில் சுற்றிவரும்போது செருப்புகளை எடுத்து உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கூரையில் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் தெளிப்பானில் புடவை மாட்டிய ஹேங்கரைத் தொங்கவிடாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். அது உடைந்தால், குழாயில் பல காலம் தேங்கிக் கறுத்த தண்ணீர் கொட்டும், கீழ் மாடி வரை நனையும். கல்யாணப் பட்டுப்புடவைகள் வீணாகி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் பிளக்கை மூன்று செவ்வக ஓட்டை உள்ள இந்த ஊர் சாக்கெட்டில் பேனா மூடியை விட்டு நெம்பிச் செருகுவதையும் நிறுத்துங்கள். அடாப்டர் முகப்பில் கேட்டால் கொடுப்பார்கள். இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய மின்சார அடுப்பையும் ரைஸ் குக்கரையும் ஊருக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துங்கள், அறையில் வேண்டாம். குழந்தைக்கோ பெரியவருக்கோ கஞ்சி வேண்டுமென்றால் கேளுங்கள். எங்கள் சமையலறையில் அரிசிக் கஞ்சி தினமும் காலையில் இருக்கிறது. உப்பில்லாமல், காரமில்லாமல், மிளகு போட்டு, எப்படிச் சொன்னாலும் செய்வார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் அடுப்பை ஒளித்து வைக்கிறார்கள்.

பூஜை செய்யாதீர்கள் என்று சொல்ல நான் யார்? என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு. அறையில் பேட்டரி விளக்கு வைத்துக் கும்பிடுங்கள். கற்பூரம் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து இரண்டுமே பக்கம்தான். அன்று மாலை அந்தப் பாட்டியை மாரியம்மன் கோயிலுக்கு மகனோடு டாக்சியில் அனுப்பி வைத்தோம்.

இன்னொரு வேண்டுகோள். சக்கர நாற்காலியில் இருப்பவர், முழங்கால் வலியால் படி இறங்க முடியாதவர், காது கேட்காதவர் உங்களோடு இருந்தால் அறை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முடிந்தவரை கீழ் மாடியில் அறை தருவோம், பெயரும் அறை எண்ணும் எங்கள் பட்டியலில் இருக்கும், மணி அடித்ததும் ஓர் ஆள் நேராக அங்கே போவார். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்த ஊர் ஹோட்டல்களில் பெரும்பாலும் ஒருவராவது இருப்பார். இரவு இரண்டு மணிக்கு அழைத்துப் படிக்கட்டைக் காட்டச் சொன்னாலும் வந்து காட்டுவோம்.